கம்பியின் சரித்திரம் – 12: தொனி கேட்கும் செவி

கன்சாஸ் நகரத்தில் பிரேத அடக்கத் தொழில் நடத்தி வந்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற தானியங்கிப் பரிவர்த்தனை யந்திரம், பலகையின் முன் அமர்ந்து கம்பிகளைச் செருகிக் கொண்டிருந்த ஒப்பரேற்றர்களை மெல்ல மெல்ல அவர்களுடைய ஆசனங்களிலிருந்து எழுப்பிய கதையைச் சென்ற இதழில் கண்டோம். தன்னுடைய ஊர் ஒப்பரேற்றர் தனக்கு வர வேண்டிய வாடிக்கையாளரைப் போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறார் என்ற சந்தேகமே ஸ்ட்ரோஜரை அந்த யந்திரத்தை நோக்கித் தள்ளியது என்று சொல்லுவார்கள். சந்தேகம் நியாயமானதோ அல்லவோ, ஒப்பரேற்றர் போனபோது அவரோடு கூடவே போன ஒன்றைப் பற்றி ஸ்ட்ரோஜர் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அது செய்தி.

ஒப்பரேற்றர் இணைப்பை மாத்திரம் தரவில்லை. இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொன்னார். தபாற்கந்தோரிலே ட்ரங்க் கோலுக்குப் பெயர் பதிந்துவிட்டு வாங்கிலே காத்திருந்த தலைமுறையினருக்கு இது நன்கு நினைவிருக்கும். "லைன் எங்கேஜாம், கொஞ்சம் பொறுங்கோ", "மணி போகுது, ஒருத்தரும் எடுக்கினமில்லை", "அநுராதபுரத்துக்கு அங்காலை லைன் இல்லை" என்று அந்தக் குரல் உரைத்த வார்த்தைகள் மூன்றும் மூன்று வேறு நிலைமைகள். கேட்டவர் முதலாவதற்குக் காத்திருப்பார், இரண்டாவதற்குப் பின்னேரம் வருவார், மூன்றாவதற்குக் கடிதம் எழுதுவார். யந்திரத்துக்கு வாய் கிடையாது. ஆகையால், மனிதர் சொன்ன வார்த்தைகளுக்குப் பதிலாகச் சில சப்தங்களை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. ஐரோப்பாவின் முதலாவது பொதுத் தானியங்கிப் பரிவர்த்தனை நிலையம் ஜேர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரத்தில் 1908இல் திறக்கப்பட்டபோது, இலக்கங்களைச் சுழற்றத் தொடங்கலாம் என்பதை அறிவிக்கும் டயல் தொனியும் உடன் வந்தது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1919இல் வேர்ஜீனியாவின் நோர்போக் நகரத்தில்தான் முதன்முதலாகத் தானியங்கி முறைக்கு மாறியது.

பின்னர் தேசத்துக்குத் தேசம் தொனிகள் பெருகின. ஒவ்வொரு தேசத்துத் தபால் தந்தி இலாகாவும் தன் மனம்போனபடி ஒரு சப்தத்தை வகுத்துக் கொண்டமையால், இன்று பட்டியலைப் பார்க்கும்போது அது ஒரு சங்கீத சபையின் சண்டையைப் போலவே தோற்றமளிக்கிறது. அமெரிக்காவில் டயல் தொனி 350 ஹேர்ட்ஸும் 440 ஹேர்ட்ஸும் சேர்ந்த இடையறா ஒலி. எதிர்முனையில் மணி ஒலிப்பதைக் காட்டும் தொனி 440உம் 480உம் சேர்ந்து இரண்டு செக்கன் ஒலித்து நான்கு செக்கன் ஓயும். எங்கேஜ் தொனி 480உம் 620உம் கலந்து அரைச் செக்கன் ஒலித்து அரைச் செக்கன் ஓயும். பிரித்தானியாவில் எங்கேஜ் தொனி 400 ஹேர்ட்ஸ் ஒன்றேதான். அங்கே மணித் தொனி 0.4 செக்கன் ஒலித்து, 0.2 செக்கன் ஓய்ந்து, மறுபடி 0.4 செக்கன் ஒலித்து, பிறகு இரண்டு செக்கன் மௌனமாகும். இந்த இரட்டை மணியையே இலங்கையும் இந்தியாவும் சுவீகரித்துக் கொண்டன. பிரான்சிலோ ஒற்றைத் தொனி, 440 ஹேர்ட்ஸ், ஒன்றரைச் செக்கன் ஒலித்து மூன்றரைச் செக்கன் ஓய்வது. சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் ஒற்றைத் தொனிக்கு 425 ஹேர்ட்ஸைச் சிபாரிசு செய்து ஓரளவு ஒழுங்கை உண்டாக்கியது என்றாலும், ஏற்கெனவே வேரூன்றிய வழக்கங்களை அது பிடுங்கி எறியவில்லை.

எங்கள் சனங்களுக்கு இந்த வித்தியாசம் எந்தப் புத்தகமும் படியாமலே பாடமாகிவிட்டது. இலண்டனில் இருக்கும் மகனுக்கும் பாரிசில் இருக்கும் மருமகனுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கும் மாறி மாறிக் கோல் எடுக்கும் தாய்மார், றிசீவரைக் காதில் வைத்த மாத்திரத்தில், "இது கனடா மணியெல்லோ, நம்பரை மாறி அடிச்சுப்போட்டாய்" என்று பேரப்பிள்ளையைக் கண்டிப்பதைக் கேட்டவர்கள் நம்மிடையே பலர். எதிர்முனையில் மணி ஒலிப்பதைக் காட்டும் தொனி பொதுவாக எதிர்முனைத் தேசத்துப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே புறப்பட்டு வருகிறது என்பதே அதற்குக் காரணம். இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக் கொள்வாராக. சற்றுப் பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இவ்வளவும் மனிதச் செவிக்காக ஏற்பட்ட ஏற்பாடுகள். அறுபது ஆண்டுகள் வரையில் வேறொரு செவியின் தேவை எழவில்லை. 1968இல் அமெரிக்கச் சமஷ்டித் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, தோமஸ் காட்டர் என்ற தெக்ஸாஸ்காரரின் 'காட்டர்போன்' வழக்கில், தொலைபேசிக் கம்பெனிக்குச் சொந்தமில்லாத உபகரணங்களையும் சந்தாதாரர் கம்பியில் இணைத்துக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்ததன் பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. பதிலளிக்கும் யந்திரங்கள், திருடர் புகுந்தால் தாமாகவே பொலிசாரை அழைக்கும் காவற்பொறிகள், கணினிகளைக் கம்பியோடு பிணைக்கும் மொடங்கள் ஆகிய யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மனிதர் அருகில் இல்லாமலே யந்திரம் யந்திரத்துக்குக் கோல் எடுக்கும் காலம் அது. ஆனால் அந்த யந்திரங்களுக்குக் காது இல்லை. 1981இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ஹேய்ஸ் ஸ்மார்ட்மொடம், றிசீவரைத் தூக்கியதும் இரண்டு செக்கன் பொறுத்திருந்து, டயல் தொனி வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் இலக்கங்களை அனுப்பிவிடும். தொனி வராதிருந்தால் இலக்கங்கள் காற்றோடு போகும். மறுமுனை எங்கேஜாக இருந்தால் அதை அறியும் சக்தியின்றி, வராத பதிலுக்காக வெகுநேரம் காத்துக் கிடக்கும். அதற்குப் பின்வந்த மொடங்களே டயல் தொனி இல்லை என்றும், லைன் எங்கேஜ் என்றும் சொல்லக் கற்றுக் கொண்டன.

அப்படிக் கற்பித்த ஆசிரியர்களுள் ஒன்றுதான் இவ்வத்தியாயத்தின் நாயகனான தொனியறியும் சிப். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ரெல்ரோன் கம்பெனியின் எம்-980 என்பதையும், சிலிக்கன் சிஸ்டம்ஸ் கம்பெனி தயாரித்த 75ரி980 என்பதையும் உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். எட்டுக் கால்கள் உடைய ஒரு சிறு கறுப்புத் துண்டு. பெருவிரல் நகத்தின் அகலங்கூட இல்லாதது. கால்களில் இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு நேரங்காட்டும் படிகத்துக்கு. ஒன்றின் வழியே தொலைபேசிக் கம்பியின் ஒலி உள்ளே போகிறது, இன்னொன்றின் வழியே விடை வெளியே வருகிறது. அந்த விடை மிகவும் சுருக்கமானது: தொனி உண்டென்றால் வோல்ற்றளவு உயர்ந்து நிற்கும், இல்லையென்றால் தாழ்ந்து கிடக்கும். எந்தத் தேசத்துத் தொனி, டயல் தொனியா எங்கேஜா என்பதையெல்லாம் அது சொல்லாது, சொல்ல முயலுவதுமில்லை.

இதிலுள்ள சாமர்த்தியத்தை நான் வெகுவாக மெச்சுகிறேன். மேலே சொன்ன பட்டியலை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்: 350, 400, 425, 440, 480, 620. சண்டையிட்டுக் கொண்ட தேசங்கள் யாவும் தம்மையறியாமலே ஒரு சிறிய வேலிக்குள் நின்றுதான் சண்டையிட்டிருக்கின்றன. 305 ஹேர்ட்ஸ் தொடங்கி 640 ஹேர்ட்ஸ் வரையிலான மீடிறன்களை மாத்திரம் உள்ளே விட்டு, அதற்குக் கீழே வரும் 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சலையும் மேலே வரும் மற்றைய சப்தங்களையும் வடிகட்டித் தள்ளிவிட்டால், உலகத்துத் தொனிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே வாசலால் வந்து சேருகின்றன. ஒரு மில்லிவாற்றின் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கும் நலிந்த தொனியைச் சிப் விட்டுவிடும். 40 மில்லிசெக்கனுக்குக் குறைந்த சலசலப்பையும் தொனியென்று ஏற்காது. மிகுதி வேலை, அதாவது எவ்வளவு நேரம் ஒலித்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்தது என்று அளந்து பொருள் கொள்ளும் வேலை, பக்கத்தில் இருக்கும் நுண்செயலியைச் சார்ந்தது. கேட்பது ஒருவர், விளங்கிக் கொள்வது இன்னொருவர் என்ற இந்தத் தொழிற்பிரிவு காரணமாகவே, ஒரே சிப்பை எந்தத் தேசத்துக்கும் விற்க முடிந்தது.

வடிகட்டி என்றேன். அதை ஒரு சிலிக்கன் துண்டில் அமைப்பது முன்னொரு காலத்தில் அசாத்தியம் என்றே கருதப்பட்டது. பழைய வடிகட்டிகளுக்குச் செப்புக்கம்பிச் சுருள்கள் வேண்டும். அவை உள்ளங்கையளவு இடத்தைப் பிடிக்கும், விலையும் அதிகம். 1970களின் பிற்பகுதியில், பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் வேறு சிலரும், மிகச் சிறிய கொள்ளளவியொன்றை ஆளிகளால் வேகமாகத் தொடுத்தும் விடுத்தும் வந்தால் அது ஒரு தடையைப் போலவே நடந்து கொள்ளும் என்ற பழைய உண்மையைச் சிலிக்கனில் பிரயோகித்துக் காட்டினர். இம்முறையில் வடிகட்டியின் எல்லைகளைத் தீர்மானிப்பவை இரண்டே: கொள்ளளவிகளுக்கிடையிலான விகிதம், ஆளிகளைத் தட்டும் கடிகாரத்தின் வேகம். விகிதத்தைச் சிலிக்கனில் வெகு நுட்பமாகக் கொண்டுவரலாம். கடிகாரத்துக்கோ படிகம் இருக்கிறது. அந்தப் படிகத்தின் மீடிறன் 3.579545 மெகாஹேர்ட்ஸ். தொலைபேசிக்கும் இந்த விசித்திர இலக்கத்துக்கும் யாதொரு பந்தமும் இல்லை. 1953இல் அமெரிக்கர் தங்கள் வர்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த இலக்கம் அது. இலட்சக்கணக்கான தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக உற்பத்தியானமையால் அந்தப் படிகம் கொள்ளை மலிவாகக் கிடைத்தது, தொலைபேசிச் சிப் செய்தவர்கள் அதையே எடுத்துக் கொண்டார்கள். நம்முடைய தொலைக்காட்சி பால் முறையைச் சேர்ந்தது, இந்தப் படிகம் அதற்கு உதவாது. ஆயினும் இலங்கையின் வீடுகளுக்குள் அது மொடத்தின் வயிற்றில் இருந்துகொண்டு ஓசையின்றி நுழைந்துவிட்டது.

இனி, இச்சிப் மின்சாரத்தை மிகக் குறைவாகவே செலவிடும் அம்சத்துக்கு வருகிறேன். இச்சிப்புகள் சீமொஸ் என்ற முறையில் அமைந்தவை. ஃபெயர்சைல்ட் கம்பெனியில் ஃபிராங்க் வான்லஸ் 1963இல் வெளிப்படுத்திய இம்முறையில், நிலைமாறும் வேளையில் மாத்திரமே குறிப்பிடத்தக்க மின்னோட்டம் பாயும், சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் 5 வோல்ற்றில் இயங்கியவை, பின்னாளில் இங்கிலாந்தின் சீஎம்எல் கம்பெனி வெளியிட்ட சீஎம்எக்ஸ்683 போன்ற வடிவங்களில் 3 வோல்ற்றளவுக்கு இறங்கி, ஒரு மில்லியம்பியரை ஒட்டிய மின்னோட்டத்திலேயே தம் காரியத்தை முடித்துக் கொண்டன. ஏன் இவ்வளவு சிக்கனம்? தொலைபேசிக் கம்பியில் தொங்கும் கருவி தனக்கு வேண்டிய சக்தியைப் பெரும்பாலும் அந்தக் கம்பியிலிருந்தே உறிஞ்ச வேண்டியிருக்கிறது. பரிவர்த்தனை நிலையத்தின் 48 வோல்ற்று பற்றரி அனுப்பும் சில பத்து மில்லியம்பியரே அதற்கு வாய்த்த ஊதியம். அந்த ஊதியத்துக்குள் டயலும் பேச்சும் காதும் நுண்செயலியும் சேர்ந்து குடும்பம் நடத்த வேண்டும்.

சிக்கனத்தின் பெறுமதி வன்னியில் வாழ்ந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதன் பின்னர் மின்சாரம் நின்றது. எரிபொருளோடு பற்றரிகளும் தடைப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்ந்தன. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்து, செய்தி முடியும் வரையில் சுற்றுபவரின் கை ஓயாமல் பார்த்துக் கொண்ட வீடுகள் அன்று எத்தனை! அந்த டைனமோவின் இயல்பான வலு 6 வோல்ற்றில் 3 வாற்று. நாம் மேலே சொன்ன 3 வோல்ற்றுச் சிப்போ ஏறத்தாழ மூன்று மில்லிவாற்றில் வாழ்வது. ஒரு சைக்கிளின் டைனமோ அத்தகைய ஆயிரம் சிப்புகளை ஊட்டியிருக்கும். ஆனால் அவை கேட்பதற்குத் தொனியேதும் வன்னியில் இருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் தெற்கே நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கசப்பு விளங்கும். தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் என்ற கூட்டுத்தாபனமாக்கப்பட்டது. 1996இல் சண்ரெல், லங்கா பெல் என்ற இரு கம்பெனிகள் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளை வழங்க உரிமம் பெற்றன. 1997இல் ஜப்பானின் என்ரிரி கம்பெனி ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. கொழும்பில் கோல் எடுக்கும் வசதிக்காகக் கம்பெனிகள் போட்டியிடத் தொடங்கிய அந்த 1996இலேதான், கிளிநொச்சி நகரம் முழுவதும் பெயர்ந்து காடுகளுக்குள்ளும் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பேச வேண்டியவர்களுக்குத் தொலைபேசி வவுனியாவில் இருந்தது. பயணப் பாஸ் கிடைத்தவர்கள் சோதனைச் சாவடிகளைக் கடந்து அங்கே வந்து, கொம்யூனிகேஷன் சென்ரரின் ஒடுங்கிய பலகைக் கூண்டுக்குள் நின்று, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு பேசினார்கள். பேசிய நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே அதிகம்.

அந்தக் கூண்டுக்கு வெளியே ஓடிக் கொண்டிருந்த கட்டணக் கணக்கில்தான் நமது சிப்பின் பலவீனமும் அடங்கியிருக்கிறது. மறுமுனையில் றிசீவரை எடுத்த கணத்தை மீற்றர் எப்படி அறிகிறது? நல்ல பரிவர்த்தனை நிலையமாயின், அக்கணத்தில் கம்பியின் நேர், எதிர் முனைகளை மாற்றி ஒரு சமிக்ஞை கொடுக்கும். இந்தியாவின் பொது அழைப்பு நிலையங்கள் பலவற்றில் மீற்றர்கள் அதையே நம்பியிருந்தன. சமிக்ஞை வராத கம்பியில் மீற்றர் ஊகித்தே ஆக வேண்டும். 1984இல் அமெரிக்காவில் தனியார் நாணயத் தொலைபேசிகளுக்கு அநுமதி கிடைத்தபோது, அக்கருவிகளைச் செய்தவர்கள் இந்த ஊகத்தைத் தொனியறியும் சிப்பிடம் ஒப்படைத்தார்கள்: மணித் தொனி கேட்டுக் கொண்டிருந்து, பின்னர் குறித்த நேரத்துக்கு மேல் கேட்காவிட்டால், ஆள் எடுத்துவிட்டார் என்று வைத்துக் கொண்டு காசை விழுங்கு.

இப்போது வாசகரை மனத்தில் வைத்துக் கொள்ளச் சொன்ன செய்திக்கு, அதாவது மணித் தொனி எதிர்முனைத் தேசத்திலிருந்தே வருகிறது என்பதற்குத் திரும்பலாம். இரட்டை மணிக்குப் பின் வரும் ஓய்வு இரண்டு செக்கன். ஆகையால் மூன்று செக்கன் மௌனம் நீடித்தால் பதில் வந்துவிட்டது என்று வகுத்த மீற்றர் இலண்டனுக்குப் போகும் கோலில் ஒழுங்காகவே நடக்கும். அதே மீற்றர் ரொறன்ரோவுக்குப் போகும் கோலில், அங்கிருந்து வரும் தொனியின் நான்கு செக்கன் ஓய்வைக் கேட்டு, முதல் மணி முடிந்து மூன்று செக்கனிலேயே கட்டணத்தை ஓட்டத் தொடங்கிவிடும்; பாரிஸ் மணியின் மூன்றரைச் செக்கன் ஓய்விலும் அதே கதிதான். மௌனத்தின் வரம்பை ஐந்து செக்கனாக உயர்த்தினாலோ, கடைக்காரருக்கு ஒவ்வொரு கோலிலும் சில செக்கன் நட்டம். மனிதக் குரலும் 305க்கும் 640க்கும் இடையில் தாராளமாகச் சஞ்சரிப்பதால், "ஹலோ" என்ற சொல்லையே தொனியென்று சிப் ஏற்றுக் கொள்வதுமுண்டு; குரலின் ஒழுங்கற்ற தாளத்தைக் கண்டு அதை மனிதப் பேச்சென்று நுண்செயலி பிரித்தறிய வேண்டும். பின்வந்த சீஎம்எக்ஸ்683இல் குரலை அறியும் ஏற்பாட்டையும் சிப்புக்குள்ளேயே சேர்த்தது இத்தொல்லையை நீக்குவதற்காகவே.

ஆயினும் நீங்காத தொல்லையொன்று உண்டு. லைன் அறுந்தாலும் மௌனம், எதிர்முனையில் ஒருவர் றிசீவரை எடுத்துப் பேசாமல் நின்றாலும் மௌனம், பரிவர்த்தனை நிலையமே இல்லாமற் போனாலும் மௌனம். சிப்பின் விடை மூன்றுக்கும் ஒன்றே: தொனி இல்லை. நிலைமைகளுக்கெல்லாம் ஒரு தொனியை வகுத்து வைத்த சாஸ்திரக்காரர்கள், ஒரு மாவட்டம் முழுவதற்குமே லைன் இல்லை என்ற நிலைமைக்கு எதையும் வகுக்கவில்லை. வகுக்கவும் முடியாது, தொனியை அனுப்புவதற்கே கம்பி வேண்டுமே.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கைச்சாத்தாகி ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததன் பின்னர், கிளிநொச்சியில் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. யாழ்ப்பாணத்தின் 021 என்ற இலக்கத்தையே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பகிர்ந்து கொண்டன, வவுனியாவுக்கு 024. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலுமே ஒலிப்பதற்கு ஏதுமில்லை. மீள்குடியேற்றத்தின்போது தறப்பாள் கொட்டில்களுக்குள் முதலில் வந்தது கம்பியன்று, சீடிஎம்ஏ என்று நாம் அழைத்த கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி. அதன் றிசீவரைத் தூக்கினால் டயல் தொனி கேட்கும். ஆனால் அத்தொனியைப் பரிவர்த்தனை நிலையம் அனுப்பவில்லை. பழகிய காதுக்காக அந்தப் பெட்டியே தனக்குள் உண்டாக்கிக் கொடுப்பது அது. கோபுரத்தோடு தொடர்பு கிடைக்குமா என்பதற்கு அது சாட்சியாகாது. ஹில்டெஸ்ஹைமில் வாக்குறுதியாகப் பிறந்த சப்தம் இங்கே அலங்காரமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கைத்தொலைபேசி வந்ததன் பின் தொனிகளின் அதிகாரம் குறைந்துவிட்டது. இன்று கோலின் நிலைமையை வலையமைப்பு எழுத்தும் இலக்கமுமான செய்தியாகவே கருவிக்குச் சொல்லி விடுகிறது. நாம் கேட்கும் மணியோசைக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டையும் வைக்கலாம், பாட்டைக் கேட்டு ஏமாறுவதற்கு நடுவில் சிப் எதுவுமில்லை. இருந்தும், செப்புக் கம்பியில் தொங்கும் காவற்பொறிகளுக்கும் தொலைநகல் யந்திரங்களுக்கும் தொனி கேட்கும் செவி இன்னமும் வேண்டியே இருக்கிறது.

அடுத்த இதழில் வன்னித் தபாற்கந்தோர்களின் கைச்சுற்றுப் பலகைகளைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறேன். கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா ஆகிய இடங்களில் ஒப்பரேற்றர்களாகவும் லைன்மன்களாகவும் கடமையாற்றியவர்களும், வவுனியாவில் கொம்யூனிகேஷன் சென்ரர் நடத்தியவர்களும் தங்களிடம் எஞ்சியிருக்கும் கோல் பதிவேடுகள், கட்டணச் சிட்டைகள், படங்கள் எவையாயினும் பிரதியெடுத்து இவ்வேட்டின் முகவரிக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக் கொள்கிறேன். மூலப் பிரதிகளைத் தபாலில் இட வேண்டாம்.